மரவள்ளிக் காட்டில் மஞ்சித் தூள்

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் மாரக்காள் குடும்பத்துக்குப் பயிர் வைக்க இருப்பது ஒரே ஒரு காடு. அதில் கோழிப்பண்ணை ஷெட் போட்டே தீர வேண்டும் என்று கணவர் முருகானந்தம் ஒற்றைக்காலில் நின்றார். உரத்தையும் மருந்தையும் கொட்டிக் கொட்டிச் செத்துப்போன மண்ணில் இனி என்ன விளையும் என்பது அவர் கட்சி. உயிர்ப்பித்துக் காட்டுகிறேன் என்று மாரக்காள் சவால் விட்டாள். ஒரு போகம் மரவள்ளி வைப்பது, கிழங்கு தேறாவிட்டால் ஷெட். அப்படித்தான் பேச்சு முடிந்தது.

மண்ணுக்குத் தீனி வேண்டுமே. பக்கத்திலேயே கணவரின் அண்ணன் மருதாசலத்தின் பண்ணையில் கோழி எரு மலையாகக் கிடந்தது. ஆனால் ஷெட் யோசனையைக் கிளப்பிவிட்டவரே அவர்தான். அவர் வாசலில் போய் நிற்பதா? அதற்குப் பதில், தேங்காய் மட்டையை நாராக்கும் மஞ்சி மில்லில் சும்மா அள்ளிப் போகச் சொன்ன தூளை டிராக்டர் டிராக்டராக அடித்தாள். மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது. குவித்து மட்க வைக்கப் பொறுமையில்லை. பச்சையாகவே இறைத்து, உழுது, குச்சியை நட்டுவிட்டாள். அவ்வளவு அவசரம் அம்மணிக்கு!

செடி முழங்கால் உயரத்தில் மஞ்சளடித்து நின்றுவிட்டது. மருதாசலத்தின் மரவள்ளியோ கரும்பச்சையாக ஆடியது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேளாண்மை ஆபீஸிலிருந்து ரஞ்சிதா என்ற அதிகாரி வந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

“தூளைப் பச்சையாவே போட்டீங்களாக்கா?”

“ஆமாங்க. குப்பைதானுங்களே, போட்டா நல்லதுதானுங்களே?”

“நல்லதுதான். ஆனா இதுல தழைச்சத்து சொற்பம். இதைத் தின்ன மண்ணுல இருக்கற நுண்ணுயிரெல்லாம் திபுதிபுன்னு பெருகும். அதுகளுக்கும் தழைச்சத்து வேணுமில்ல? மண்ணுல இருக்கறதை இழுத்துக்கும். செடி பட்டினி கிடக்கும். கோழி எருவைக் கலந்து மட்க வச்சிருந்தா இந்தக் கூத்தே வந்திருக்காது.”

கோழி எரு! மாரக்காளுக்குச் சுருக்கென்றது.

“அப்ப மண்ணு செத்துப்போகலீங்களா?”

“முன்னைவிட உயிர் கூடியிருக்குது. தின்னு முடிச்சு அதுகளும் செத்து மட்கும்போது, எடுத்ததைத் திருப்பிக் குடுக்கும். அடுத்த போகம் பாருங்க.”

அடுத்த போகம்! அதை வீட்டில் போய்ச் சொன்னால் எடுபடுமா? சொன்னாள்.

“கண்ணுக்குத் தெரியாதது தின்னுபோட்டுதாக்கும்?” என்றார் முருகானந்தம். “அது தின்னு முடிக்கற வரைக்கும் நானு காத்திருக்கோணுமா? பேசுன பேச்சு பேச்சுதான் புள்ள.”

வேறு வழியில்லாமல் வீம்பை விழுங்கிக்கொண்டு மருதாசலத்திடம் எரு கேட்டாள். “முன்னாலயே கேட்டிருந்தா நானே கொண்டாந்து கொட்டியிருப்பனே சாமி” என்றார் அவர். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். எரு விழுந்ததும் இலை பச்சை கட்டியது. கிழங்கு மட்டும் விரல் பருமனைத் தாண்டவில்லை.

அதைப் பிடுங்கிய கையோடு ஷெட்டுக்குக் கடைக்கால் தோண்ட ஆள் வந்தது. மேல்மண் பொலபொலவென்று கறுப்பாக உதிர்ந்தது. மிச்சமிருந்த மஞ்சித் தூளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல் ஓடியிருந்தது. வருடக்கணக்காகக் கண்ணில் படாத மண்புழு, மண்வெட்டிக்கு மண்வெட்டி நெளிந்தது. மாரக்காள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

முருகானந்தம் ஒரு பிடி அள்ளி உதிர்த்துப் பார்த்தார்.

“நெசமாலுமே மண்ணு தேறிப்போச்சே புள்ள” என்றார். பிறகு ஆட்களின் பக்கம் திரும்பினார். “அந்த மேமண்ணைத் தனியா ஒதுக்குங்கப்பா. ஷெட்டுக்குள்ள நெரவறதுக்கு ஆகும்.”

மாரக்காள் அவர் கையிலிருந்த மண்ணைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இது நெரவற மண்ணில்லீங்க” என்றாள்.