ருசி பார்க்காமல் இட்ட கையொப்பம்

சிட்னியின் செவன் ஹில்ஸில் உள்ள முதியோர் இல்லமொன்றில் பதினெட்டு ஆண்டுகள் தலைமைச் சமையலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் கல்லூரிப் படிப்பு, கொழும்பில் ஹோட்டல் பயிற்சி, மெல்பேர்னில் இரண்டு உணவகக் குசினிகளில் சமையல். கடைசி ஆண்டு வரை என்மீது ஒரு முறைப்பாடும் எழுந்ததில்லை. இதனை முதலில் பதிவு செய்வது அவசியம்.

1. ஒரே உணவு, பல கைகள்

பீஃப் ஸ்ட்ரோகனோவ் ரஷ்யர்களின் உணவு. மாட்டிறைச்சியை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, கடும் சூட்டில் வதக்கி, சவர் கிரீம் என்னும் புளித்த பாலேடு சேர்ப்பது. கொழும்பில் எங்கள் பயிற்றுநர் அதில் பிராண்டி ஊற்றினார். மெல்பேர்ன் ஸ்பிரிங்வேலில் என்னுடன் சமைத்த வியட்நாமியர் ஒயிஸ்டர் சோஸ் விட்டுச் சோற்றின்மேல் போட்டார். எங்கள் இல்லத்தில் பல் இல்லாதவர்களுக்காக அரைத்த இறைச்சி, காளான், தக்காளி விழுது, ஸ்டொக் பவுடர் எனும் இறைச்சிச் சாற்றுத் தூள். பவுடரிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்பு இடுவதில்லை.

ஒவ்வொரு சட்டியையும் ருசி பார்த்துப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. நானும் உதவிச் சமையலாளர் சிவநேசனும் சைவர்கள். மாட்டிறைச்சியைச் சமைப்போம், நாவில் வைக்கமாட்டோம். எங்களுடன் குசினியில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் நாட்டவரான மரிசெல் ருசி பார்த்துத் தலையசைப்பார். நான் கையொப்பமிடுவேன்.

2. பன்னிரண்டாம் அறை

அந்த அறையில் நிக்கொலாய் என்ற ரஷ்ய முதியவர் இருந்தார். புற்றுநோய். பல நாட்களாக உணவைத் தொடாதவர், காலஞ்சென்ற தம் மனைவி செய்யும் ஸ்ட்ரோகனோவ் வேண்டும் என்றார். மகள் செய்முறையை எழுதி வந்தார். காளான் இல்லை, தக்காளி இல்லை. கடுகு விழுது, சவர் கிரீம், மேலே பொரித்த உருளைக்கிழங்குக் குச்சிகள். தாமே சமைத்துக் கொண்டுவரலாமா என்றும் கேட்டார். தேவையில்லை, என் குசினியில் முறையாகச் செய்வோம் என்று மறுத்தவன் நானே.

சிவநேசன் சமைத்தார். அகதியாகப் படகில் வந்தவர், தற்காலிக விசா. இந்த வேலை போனால் இன்னொரு குசினி அவரைச் சேர்ப்பது கடினம் என்பதை நான் அறிவேன். அன்று மரிசெல் விடுமுறையில் இருந்தார்.

"அங்கிள், ஆர் ருசி பாக்கிறது? நேர்சைக் கூப்பிடட்டோ?" என்றார் சிவநேசன்.

"முப்பது வருசமா மணத்திலதான் சமைச்சனான். நீர் கொண்டு போம்."

படிவத்தில் கையொப்பமிட்டேன்.

நிக்கொலாய் ஒரு வாய் உண்டார். முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் ருசித்துப் பார்த்து, கடல்நீர் என்றார். தாளில் எழுதியிருந்த உப்பையும் இட்டு, பழக்கத்தில் ஸ்டொக் பவுடரையும் இட்டிருந்தார் சிவநேசன். திரும்பவும் செய்தோம். முதியவர் வாய் திறக்கவில்லை. ஆறாம் நாள் இறந்தார். நோயால்தான் இறந்தார், ஆனால் கடைசியாகக் கேட்டது அவருக்குக் கிடைக்கவில்லை.

3. விசாரணை

மகள் முறையிட்டார். மேலாளர் படிவத்தைப் பார்த்துவிட்டு, நான் கையொப்பமிட்ட பிறகு யாரேனும் உப்புச் சேர்த்திருக்கக்கூடுமா என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று. சிவநேசனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அவர் ஏப்ரனை மடித்து என் மேசையில் வைத்தார். "நேர்சைக் கூப்பிடட்டோ எண்டு கேட்டனான்தானே, அங்கிள்?" நான் மேசையிலிருந்த படிவங்களை அடுக்கினேன். "சரி. போட்டு வாறன்."

நற்சான்றின்றிப் பல மாதங்கள் அலைந்தார். இப்போது பரமட்டாவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறார். குசினிப் பக்கம் போவதில்லையாம்.

இத்தொழிலுக்கு வரும் இளையோர் ஒன்றை அறிய வேண்டும். உண்ணாத உணவைச் சமைப்பதில் இழுக்கில்லை. உண்ணக்கூடிய ஒருவர் பக்கத்தில் இல்லாதபோது கையொப்பமிடக்கூடாது.

நான் ருசி பார்த்து முடித்தபின் சிவநேசன் உப்புச் சேர்த்தார் என்று நம்மவர்களிடையே இன்றும் சொல்லப்படுகிறது. அது தவறு. நான் ருசி பார்க்கவில்லை.