அம்மப்பாவின் பொழுதுபோக்கு

லண்டனிலிருந்து அண்ணன் வந்தது அம்மப்பாவின் ஆடி அமாவாசைப் படையலுக்கு என்று நாங்கள் நினைத்தோம். அவன் வந்தது குடும்ப வரலாறு எழுத. பிறப்பு, இறப்பு, காணி விவரம் எல்லாம் ஏற்கெனவே சேர்த்துவிட்டானாம். இனி ஒவ்வொருவருடைய பொழுதுபோக்கும் வேண்டுமாம். அப்போதுதான் வரலாற்றுக்கு உயிர் வருமாம். வயலிலேயே கிடந்து செத்தவர்களிடம் பொழுதுபோக்கைத் தேடும் கொழுப்பு குளிர்நாட்டில்தான் வரும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவன் கொண்டுவந்த சொக்லேட் பெட்டியை இன்னும் திறக்கவில்லை.

ஆனால் அம்மப்பாவுக்கு ஒரு பொழுதுபோக்கு இருக்கத்தான் செய்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குக் குடியேறிய சனத்துக்கு, வேலை முடிந்த பின்னேரங்களில் அவர்தான் சிரிப்பு. யாரைப் போலவும் நடந்தும் கதைத்தும் காட்டுவார். அதில் பேர்போனது சின்னம்மாவின் நடை. சின்னம்மா அவருடைய கடைசி மகள், அம்மாவின் தங்கை. இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பியவர். பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அம்மப்பா அந்த நடையை நடந்து காட்டினார். அவர்கள் நன்றாகச் சிரித்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. பிறகு யாரும் வரவில்லை. சின்னம்மா அவரோடேயே இருந்து, கடைசிவரை அவரைப் பார்த்தார்.

படையலன்றும் சின்னம்மாதான் விடியவே எழும்பி, அப்பா இல்லாதவர்கள் கசக்கக் கசக்கச் சாப்பிடவேண்டிய காத்தோட்டிக்காயைப் பொரித்தார். படையல் முடிந்து சாப்பிட்ட பிறகு, அம்மப்பாவின் மகனான மாமா வயிறு நிறைந்த ஏவறை விட்டபடி எழுந்தார்.

"இஞ்சை பார், அப்பா இப்பிடித்தான் நடந்து காட்டுறவர்."

ஒரு காலை இழுத்து, இடுப்பை ஆட்டி விறாந்தையில் நடந்தார். பாயாச வாளியோடு சின்னம்மா அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். இரண்டு நடையும் ஒன்றாகப் போனதில் விறாந்தை முழுக்கச் சிரிப்பு. மாமாவுக்கு ஓர் உதை கொடுக்கவேண்டும் போல் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"சா, இந்தக் கலை எங்களிலை ஒருத்தருக்கும் வரேல்லை" என்றார் மாமா. அண்ணன் போனை நீட்டிப் பதிந்துகொண்டிருந்தான்.

"என்ரை பொழுதுபோக்கையும் கேளன், தம்பி" என்றார் சின்னம்மா.

"சொல்லுங்கோ சின்னம்மா. கோயில் எண்டு போடவோ?"

சின்னம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"கடைசியிலை அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது தெரியும்தானே. ஒரு பக்கம் இழுத்து, வாயும் கோணிப்போச்சு. நீங்கள் எல்லாரும் வவுனியா ஆஸ்பத்திரியிலை வந்து பாத்ததோடை போயிட்டியள். வீட்டிலை நானும் அவரும்தான். அவர் எப்பிடித் தண்ணி கேட்டவர் எண்டு உங்களுக்குத் தெரியாது."

வாயை ஒரு பக்கம் கோணினார். ஒரு கை மடங்கித் தொங்கியது. கண்கள் தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்க் கெஞ்சின.

"த... ண்... ணீ..."

அம்மப்பாவேதான்.

"அவர் கேக்கக் கேக்க, நானும் அவருக்கு முன்னாலை நிண்டு இப்பிடித்தான் கேப்பன். அவர் அழுதாப் பிறகுதான் தண்ணி குடுப்பன். ஒவ்வொரு நாளும். எனக்கு நல்லாப் பொழுது போனது. எழுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் போனை மடியில் கவிழ்த்து வைத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். அந்த மனுசன் அழுதபடி பானையைப் பார்த்துக்கொண்டு கிடந்ததை நினைத்தபோதும் சந்தோஷம் போகவில்லை.

சில மாதங்களின் பின் வரலாறு என் போனுக்கு வந்தது. குசினியில் சுளகோடு இருந்த சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மப்பாவின் பொழுதுபோக்கு நடிப்பும் நகைச்சுவையும். சின்னம்மாவுடையது சமையலும் தந்தைக்குப் பணிவிடையும்.

சின்னம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. வாயை மட்டும் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, "த... ண்... ணீ..." என்றார்.

நான் வயிறு நோகச் சிரித்தேன்.