மூன்று பிளாஸ்திரியும் ஒரு பெரிய கட்டும்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நான் காய்ச்சலோடு கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் மருதாணித் தாடியும் அத்தர் வாசனையுமாக மஸ்கட்டிலிருந்து திரும்பிய ஒருவர் இருந்தார். சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி. துளை போட்டு, கட்டியை மட்டும் எடுத்திருந்தார்கள். வயிற்றில் மூன்று சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான்.

அதிராம்பட்டினத்திலிருந்து வேன் நிறைய வந்த உறவினர்களுக்கு அது போதவில்லை.

"இவ்வளவுதானா மச்சான்? கிட்னிய முழுசா எடுக்கலையாமே?"

அதே நோய்க்கு அந்தக் காலத்தில் என் விலாவையே கிழித்து, சிறுநீரகத்தை முழுசாக எடுத்திருந்தார்கள். அந்தத் தழும்பைக் காட்டினேன். கொண்டுவந்த ஆப்பிளெல்லாம் என் பக்கம் வந்துவிட்டது.

மறுநாள் வேன் சத்தம் கேட்டதும் அவர் நர்ஸைக் கெஞ்சி, இடுப்பைச் சுற்றிப் பெரிய கட்டாகப் போட்டுக்கொண்டு முனக ஆரம்பித்தார். வந்தவர்கள் அழுதுவிட்டுத் திருப்தியாகப் போனார்கள்.

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அண்ணே, முழுசா எடுத்திருக்கணுமோ?"

"சின்னக் கட்டின்னா இப்பல்லாம் இப்படித்தாங்க. பயப்படாதீங்க."

"அப்ப சரி. கட்டை அவிழ்த்துடலாமா?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "வேணாம், இருக்கட்டும். இது இல்லேன்னா எனக்கே நம்பிக்கை வரல."

வீட்டுக்கும் அதோடுதான் போனார். எப்போது அவிழ்த்தாரோ, தெரியவில்லை.