மூலை மனைக்கு இரண்டு பக்கம்

மர மில்லில் வேலை செய்கிற ஆட்கள் சட்டை துவைக்கப் போட்டால், திர்சா கோல்வின் முதலில் பைக்குள் விரலைவிட்டுப் பார்ப்பாள். ஓட்டை இருந்தால் தைத்துவிடுவாள். அதற்குக் கூலியும் கேட்கமாட்டாள், தைத்தேன் என்று சொல்லவும் மாட்டாள். பலருக்கு அது கடைசிவரை தெரியாமலே போனது.

புருஷன் இறந்தபின் அவளுக்கென்று மிஞ்சியது ஒரு சின்ன வீடுதான். ஹார்வுட் கிராஸ் ஊரில் ஆலைத் தெருவும் கோயில் தெருவும் கூடுகிற மூலையில் இருந்தது. அந்த வருஷம் பனி உருகியபோது அந்த வீட்டுக்கே ஆபத்து வந்தது.

தெருவெல்லாம் கணுக்கால் புதைகிற சேறு. ஆராதனைக்குப் போகிற பெண்களின் பாவாடை விளிம்பு சேற்றில் ஊறிப்போகும். ஊர் மன்றம் தபால் நிலையக் கதவில் ஓர் உத்தரவை ஒட்டியது. அவரவர் மனை ஓரமாக நாலடி அகலத்துக்குப் பலகை நடைபாதையை அவரவரே போடவேண்டும். ஆணி ஊர் தரும். முப்பது நாளில் போடாவிட்டால் ஊரே போட்டு, செலவை வரியில் ஏற்றும். வரி நின்றால் மனை ஏலத்துக்குப் போகும்.

மற்றவர்களுக்கு ஒரு பக்கம். மூலை மனைக்கு இரண்டு பக்கம்.

படித்ததும் திர்சா வீட்டுக்குத் திரும்பவில்லை. "கர்த்தாவே, இந்தக் கூரையை மட்டும் எடுத்துக்கொள்ளாதேயும்" என்று ஜெபித்துக்கொண்டே மில் முதலாளியிடம் போனாள். ஒரு வருஷம் அவர் வீட்டுத் துணியெல்லாம் துவைத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பலகை வாங்கினாள்.

"பலகைய நான் தந்துடறேன். ஆணி அடிக்கிறது யாரும்மா?" என்றார் அவர்.

"நான்தான்யா."

நாலு வாரம் முட்டி தேய அடித்தாள். எதிர்வீட்டு லொவைனா வேடிக்கை பார்த்தாள்.

"ஏங்க்கா, ஆணிய அடிக்கிறீங்களா, கட்டைவிரல அடிக்கிறீங்களா?"

"ரெண்டையுந்தான்டி. வாயடிக்காம அந்த முனையப் புடி."

இருபத்தொன்பதாம் நாள் காலையில் தெரு மேற்பார்வையாளர் அமாசா புரூயிட் அளவுச் சங்கிலியோடு வந்தார். தெரு நடுவிலிருந்து அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க வேலியே ரெண்டடி தெருவுக்குள்ள நிக்குதும்மா. பாதையையும் வேலியையும் உள்ள தள்ளணும்."

"வேலிய ஒட்டித்தானேய்யா எல்லாரும் போட்டிருக்காங்க?"

"அவங்கள இன்னும் நான் அளக்கல. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் மன்றத்துக்கு எழுதித்தான் ஆகணும்."

அவர் நிற்கும்போதே திர்சா மண்டிபோட்டு ஆணியை நெம்பினாள். ஈரம் காயாத மரம் ஆணியைக் கவ்வியிருந்தது; முதல் பலகை நடுவில் பிளந்தது. இரண்டாவதும் பிளந்தது. மாற்றிப்போட வேறு பலகை கிடையாது.

லொவைனா தெருவைக் கடந்து வந்தாள்.

"ஐயா, உங்க வீட்டு முன்னாடி அளந்தாச்சா?"

"அது நேராத்தான் இருக்கு."

"அப்ப வாங்க, அளந்துடுவோம். நேரா இருக்கறத அளக்க என்ன கஷ்டம்?"

திர்சா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "பேசாம இருடி. கோவத்துல இப்பவே எழுதிடப்போறாரு."

அதற்குள் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். புரூயிட்டுக்கு வேறு வழியில்லை. நாலு வீடு தள்ளி அவர் வீட்டு முன்னால் சங்கிலியை விரித்தார்கள். அவர் வேலி மூன்றடி தெருவுக்குள் நின்றது. கூட்டத்தில் நின்ற கொல்லர் சிரிப்பை இருமலில் மறைத்தார். புரூயிட் யார் முகத்தையும் பார்க்காமல் சங்கிலியைச் சுருட்டினார்.

"இந்த வருஷத்துக்கு வேலிதான் எல்லைக் கணக்கு" என்றார்.

ஊர் சிரித்தது. திர்சாவால் சிரிக்க முடியவில்லை. பிளந்த பலகைகளுக்குப் பதிலாக லொவைனா தன் கோழிக்கூண்டுக் கதவைக் கழற்றிக் கொடுத்தாள். ஆனால் 'இந்த வருஷத்துக்கு' என்ற சொல் திர்சாவை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் தபால் நிலையக் கதவைப் பார்க்க லொவைனாவைத்தான் அனுப்புவாள். அவள் திரும்பி வரும்வரை ஒரு வாய் சாப்பிடமாட்டாள். யாரும் அவள் பேரை எழுதவில்லை. எழுதிவிடுவார்கள் என்ற பயம் ஒன்பது வருஷம் அவள் கூடவே குடியிருந்தது.

கால் முடியாமல் போனபின் தங்கை அவளைத் தன் ஊருக்கு அழைத்துக்கொண்டாள். வழியனுப்ப லொவைனா ரயிலடிக்குப் போயிருந்தாள். வண்டி நகரும்போது திர்சா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"லொவைனா, கோயில் தெருப் பக்கம் ஒரு ஆணி தலையத் தூக்கிட்டு நிக்குது. யாராச்சும் தடுக்கி விழறதுக்கு முன்னாடி போய் அடிச்சுடு."