மயில் கழுத்துக்கு ஜாதகம் பார்த்த கதை

போன வாரம் ஒரு மயில் எங்கள் மானத்தை வாங்கியது. நிஜ மயில் இல்லை... மயில் கழுத்து நிறப் பட்டுச் சேலை.

என் மனைவி உமா மயிலாப்பூர் வீட்டிலிருந்தே சேலை விற்கிறாள். முதன்முதலாக கேட்லாக் அச்சடிக்க ஆசை. அந்த மயில் கழுத்துதான் அட்டைப்படம். வாட்ஸப்பில் படத்தைப் பார்த்துச் சொக்கிப்போன ராஜி மாமி, நவராத்திரிக்குத் தன் பாட்டுக் குழுவுக்கே பத்துச் சேலை வேண்டும் என்றார். கேட்லாக் வந்ததும் மற்றவர்களிடம் காட்டிவிட்டு உறுதி சொல்வாராம். உமாவின் முதல் பெரிய ஆர்டர்.

போட்டோ எடுத்து, மெருகேற்றி, பிரஸ்ஸுக்கு அனுப்பியது அடியேன். ஃபோனில் மயில் ஜொலித்தது. சாம்பிள் அட்டை வந்தது — குளத்துப் பாசி.

உமா அழுதேவிட்டாள். தேனாம்பேட்டை பிரஸ்ஸுக்கு ஓடினேன். உரிமையாளர் மூர்த்தியின் சட்டையைப் பிடிக்காத குறை.

"இன்னா சார், நீ அனுப்சது ஆர்ஜிபி ஃபைலு. செவப்பு, பச்ச, நீலம்னு ஸ்க்ரீன் வெளிச்சத்துல கலர் காட்டுது. நான் நாலு மைய வச்சிக்கினு அடிக்கறேன். வெளிச்சத்த டப்பால ஊத்தி அடிக்க முடியுமா?"

சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. சிஎம்ஒய்கே. அவ்வளவுதான் அவர் சொத்து.

"ப்ரொஃபைல்னு ஏதோ சொல்றாங்களே?"

"அது ஜாதகம் சார். இந்த மிஷினு, இந்த பேப்பரு, இந்த மை சேந்தா கலர் எப்டி வரும்னு அதுல கீது. நீ பொருத்தமே பாக்காம தாலி கட்ட அனுப்சிட்ட."

மயிலாப்பூர்க்காரனைப் பார்த்து ஜாதகம் பார்க்கவில்லை என்கிறார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

மறுநாள் சேலையையே தூக்கிக்கொண்டு போனோம். மூர்த்தி ஒரு சின்னக் கருவியைத் திரைமேல் வைத்து மானிட்டரின் நிறங்களைச் சரிசெய்தார். பிறகு அந்தப் பேப்பருக்கான ப்ரொஃபைலைப் போட்டார். அச்சில் எப்படி வருமோ அப்படி, திரையிலேயே மயிலின் ஜொலிப்பு அடங்கிப்போனது. ஜன்னல் வெளிச்சத்தில் சேலையைப் பக்கத்தில் வைத்து, திருத்தித் திருத்தி அடித்தார். நாலாவது அட்டையில் சேலையின் நிறம் அப்படியே வந்தது.

மாமி வந்தார். அட்டையையும் சேலையையும் சேர்த்துப் பார்த்தார்.

"பேஷா இருக்குடி. ஆனா அன்னிக்கு ஃபோன்ல பளபளன்னு பார்த்தேனே... எங்க எல்லாருக்கும் அந்தக் கலர்தான் வேணும்."

அந்தப் பளபளப்பு, படத்தை மெருகேற்றிய என் கைவரிசை. உலகத்தில் எந்தத் தறியிலும் அந்த நிறம் கிடையாது.

அப்புறம் பத்துச் சேலையும் எப்படி விற்றது என்கிறீர்களா? உமா அலட்டிக்கொள்ளாமல் சொன்னதைக் கேட்டு மாமியே சிரித்து, இந்தச் சேலையே போதும் என்றுவிட்டார்:

"தாராளமா தரேன் மாமி. ஆனா அந்தக் கலர் ஃபோன் வெளிச்சமாச்சே, பத்துப் பேரும் சார்ஜர் சொருகிண்டுதான் பாடணும்."