குட்டைத் தோட்டாவும் கேஜ் அக்காவின் கண்ணும்

எடை குறைந்த தோட்டாதான் குறி தப்பாமல் போகும் என்று எட்டுப் பேர் கொண்ட ஒரு கமிட்டியை நம்பவைத்தவன் நான். ஆதாரமாக நான் காட்டியது சைக்கிளை. பின்னால் ஆள் உட்காராத சைக்கிள் வேகமாகவும் நேராகவும் போகிறதா இல்லையா என்று கேட்டேன். எட்டுப் பேரிடமும் சைக்கிள் இருந்தது, தலையாட்டிவிட்டார்கள். துப்பாக்கியைப் பற்றி அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் எந்த முனைக்கு எதிரே நிற்கக் கூடாது என்பது மட்டும்தான். அதிலும் ஒருமுறை சந்தேகம் வந்து பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருக்கிறேன்.

அறுபதுகளின் பின்பாதி. எல்லையில் சண்டைகள் வந்து ஓய்ந்திருந்த காலம். ஊருக்கு ஊர் ரைபிள் கிளப் ஆரம்பித்தார்கள். விருத்தாசலத்தில் எங்கள் கிளப்புக்கு இருந்தது ஒரே ஒரு பாயிண்ட் டூ டூ ரைபிள். ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் செயலாளர். ரைபிள் அவர் வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணிமுத்தாற்று மணலில், கரை உயர்ந்து மண்சுவராக நிற்கும் இடமாகப் பார்த்துக் காகிதத்தை நட்டு, ஐம்பது கஜம் தள்ளிப் படுத்துக்கொண்டு சுடுவோம். நான் பீங்கான் பேட்டையில் இன்சுலேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். "ஸ்டோர்காரன்தானே, நீயே பாத்துக்கோ" என்று தோட்டா வாங்கி வரும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பொறுப்பு என்று ஒன்று கிடைத்துவிட்டால் அதில் அறிவையும் கலந்துதான் தீருவேன் என்பது என் சுபாவம். பழைய பெட்டிகளில் எடை நாற்பது கிரெயின் என்று போட்டிருந்தது. கடலூரில் லைசென்ஸ் கடைக்காரர் இருபத்தொன்பது எடையில் இன்னொரு வகையைக் காட்டினார். அதே ரைபிளில் அதுவும் நுழையும், கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான் என்றார். எனக்குச் சைக்கிள் ஞாபகம் வந்தது.

கேஜ் அக்காவை நான் அறிந்தது அதே கம்பெனியில்தான். கரண்டுக் கம்பத்தின் உச்சியில் வெள்ளையாகவோ காப்பி நிறத்திலோ குந்தியிருக்கிற பீங்கான் குமிழை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதன் அடிவயிற்றில் மரை வெட்டியிருக்கும். கம்பத்து இரும்பு ஆணியில் அதைத் திருகித்தான் உட்கார வைப்பார்கள். சூளையில் வெந்து வரும்போது மண் சுருங்கும். ஒரு நூல் அதிகமாகச் சுருங்கினாலும் மரை ஆணியோடு சேராது. அதனால் வெந்து வந்த ஒவ்வொன்றையும் எடுத்து, கேஜ் என்கிற இரும்புத் திருகை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். அக்கா அதைக் கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் சுழற்றுவார். எத்தனை சுற்றில் நிற்கிறது, எங்கே உரசுகிறது என்பதையெல்லாம் விரலே சொல்லிவிடும். தேறாததை அந்த இடத்திலேயே சுத்தியால் ஒரு தட்டு. யாராவது கெஞ்சி, நல்லதோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு வழக்கம். அவர் யாரையும் ஏறிட்டுப் பார்த்துக்கொண்டு உடைத்து நான் கண்டதில்லை. மாதா கோயில் தெருவிலிருந்து நடந்தே வருவார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். பேச்சு குறைவு. கிளப்பில் பெண்களையும் சேர்க்கலாம் என்று மேலிடத்திலிருந்து காகிதம் வந்தபோது கம்பெனி அவர் பெயரைக் கொடுத்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே அவருடைய ஐந்து துளைகளையும் ஒரு பழைய காலணா மூடிவிட்டது. இன்ஸ்பெக்டர் அந்தக் காகிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் காகிதத்தையும் கேட்டு வாங்கினார். டிபனுக்கு முன்னால் அதில் கை துடைத்துக்கொண்டார்.

மாவட்டப் போட்டிக்குக் கடலூர் போக ஒரே ஒருவரைத்தான் அனுப்ப முடியும். தேர்வு வைத்தார்கள். அன்றுதான் என் குட்டைத் தோட்டாக்களுக்கு முதல் வேலை. பழைய பெட்டியில் பத்து மிச்சம் இருந்தது. நல்ல சரக்கை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பழைய சரக்கில் ஐந்தை நானே சுட்டுத் தீர்த்தேன். பந்தியில் ஆறிப்போன சோற்றை இழுத்துக்கொள்கிற பெருந்தன்மை அது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பெருந்தன்மையைச் சொல்லிக்காட்டக் கூடாது அல்லவா. முடிவு வந்தபோது எல்லோர் காகிதமும் கம்பு இறைத்த மாதிரி இருந்தது. அக்காவின் துளைகளில் இரண்டு காகிதத்தைத் தாண்டிக் கீழே மண்ணில் கிடந்தன. என்னுடையவை ஐந்தும் காகிதத்துக்குள் இருந்தன. நான் ஒன்றும் உயரவில்லை. மற்றவர்கள் சரிந்ததில் என் தலை வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒளிந்திருந்த திறமை வெளியே வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் அக்காவிடம், "கண்ண ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டும்மா" என்றார். கரிசனமாகத்தான் சொன்னார். அந்தக் கரிசனத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோனவன் நான். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், கம்பெனி வாசலில், கேஜ் அக்காவையே ஜெயித்த கதையைச் சொன்னேன். அவருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல் என்பதை ஒரு அனுதாபமாகச் சேர்த்துக்கொண்டேன். கதைக்கு அது நன்றாக இருந்தது. புதன்கிழமைக்குள் அது ஃபோர்மேன் காதுக்குப் போய்விட்டது. பார்வை போனவர் கேஜ் பிடிக்க முடியாது, அடுத்த திங்களிலிருந்து வைக்கோல் சுற்றும் பேக்கிங்குக்குப் போகட்டும் என்று உத்தரவு. ஆறு வருஷம் உட்கார்ந்த பெஞ்சு. அக்கா அந்த உத்தரவைக் கேட்டுக்கொண்டு, கையிலிருந்த குமிழைச் சோதித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார் என்று பக்கத்துப் பெண் சொன்னாள். எனக்கு உறுத்தியது. ஆனால் கடலூர் போவதற்குத் தைக்கக் கொடுத்திருந்த காக்கிக் கால்சட்டை அன்றுதான் வந்திருந்தது. உறுத்தலைவிட அதன் மடிப்பு கூர்மையாக இருந்தது.

ஞாயிறு காலை ஆற்றுக்கு எல்லோரும் வந்தார்கள். அக்காவும் வந்தார். இன்ஸ்பெக்டரிடம், "சுடறதுக்கு வரலைங்க. துப்பாக்கிய ஒருவாட்டி கேஜ் பண்ணிப் பாக்கணும்" என்றார்.

"துப்பாக்கிய என்னம்மா கேஜ் பண்றது?"

"அதுக்குள்ளாறயும் மரைதான இருக்குது?"

இன்ஸ்பெக்டர் சர்வீஸ் முழுக்க லத்தியோடு திருப்தியாக இருந்தவர். குழலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று சொல்லலாமா என்பதுபோல எங்களைப் பார்த்தார். தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை சரிபார்த்து, பின்பக்கத்துத் தாழைக் கழற்றி எடுத்த பிறகு கொடுத்தார். குழல் துடைக்கிற கம்பியின் நுனியில் அக்கா இறுக்கமாகத் துணி சுற்றினார். அதை ஆழமாக உள்ளே விட்டு, குழல் வாயை ஒட்டிக் கம்பியின் மேல்புறம் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு கம்பியைத் தானாகத் திருகாமல், முரட்டுத்தனமாக இழுக்காமல், கேஜைப் பிடிக்கிற அதே மூன்று விரலால், அது தன் போக்கில் சுழல விட்டு மெல்ல வெளியே இழுத்தார். கோடு பக்கவாட்டில் சாய்ந்து, அடியில் போய், மறுபக்கம் ஏறி, மறுபடி உச்சிக்கு வந்தது. குழல் வாயை ஒட்டி இன்னொரு குறி. இரண்டுக்கும் இடையே ஸ்கேலை வைத்தார்.

"பதினாறு இஞ்சுக்கு ஒரு சுத்து" என்றார். "ஸ்டோர் தம்பி, பழசு ஒன்னு, புதுசு ஒன்னு குடுங்க."

கொடுத்தேன். உள்ளங்கையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். "பழசு நீட்டு. ஈயமும் கனம். இந்த மரை அதுக்கு வெட்டினது. புதுசு குட்டை. மரையத் தொடறதுக்கு முன்னாடியே வெறும் எடத்துல கொஞ்ச தூரம் குதிச்சுப் போவுது. ஆணிய நேரா புடிக்காம மரையில ஏத்தினா எப்படிக் கோணிக்கும், அப்பிடிக் கோணிக்கிட்டு ஏறுது. லேசா வேற இருக்குதா, இந்தச் சுத்து அதுக்குத் தாங்கல. கனத்த தோட்டாதான் இதுக்கு வேணும். நெசமா பொய்யான்னு சுட்டாத் தெரிஞ்சிடும்."

இன்ஸ்பெக்டர் நியாயமான மனிதர். அதுதான் எனக்கு ஆபத்தாக முடிந்தது. "எல்லாரும் புதுசுதானம்மா சுட்டோம்? தம்பியும் அதைத்தான் சுட்டாரு. அவரு அஞ்சும் காகிதத்துல போட்டாரே. அப்போ தோட்டா மேல எப்படிப் பழி சொல்றது?"

 அக்கா என்னைப் பார்க்கவில்லை. கம்பியிலிருந்த துணியைப் பிரிக்க ஆரம்பித்தார். இவ்வளவு நிதானமாக ஒரு துணியை யாரும் பிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போதுதான், படிப்படியாக, உச்சந்தலையிலிருந்து கால்சட்டை மடிப்பு வரைக்கும், விஷயம் இறங்கியது. கடலூர், காக்கி, டீக்கடைக் கதை எல்லாம் ஒரு பக்கம். திங்கட்கிழமை வைக்கோல் இன்னொரு பக்கம். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் எனக்கு வந்தது. வந்தது மட்டுமில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தது. கடைசியில் என் வாய் எனக்கு முன்னால் முடிவெடுத்துவிட்டது. "நான் சுட்டது பழசுங்க" என்றேன். குரல் எட்டாம் வகுப்புப் பையனுடையதாக வெளியே வந்தது.

"அத ஏன்யா போன வாரமே சொல்லல?"

"பெருந்தன்மைங்க" என்றேன். ஆற்றில் அன்று சிரித்தவர்களில் ஒருவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

மிச்சமிருந்த ஐந்து பழைய தோட்டாக்களையும் அக்கா படுத்துக்கொண்டு, இடையில் நன்றாக மூச்சு விட்டு விட்டு, ஒவ்வொன்றாகச் சுட்டார். காகிதத்தை இன்ஸ்பெக்டர் தானே ஓடிப்போய் எடுத்து வந்தார். அந்த வயதில் அவர் ஓடி அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. அதை அன்று மாலையே ஃபோர்மேன் வீட்டுக்கு எடுத்துப்போனார். துணைக்கு என்னையும் இழுத்துப்போய், அதே கதையை முழுசாக, என் பங்கையும் சேர்த்து, என் வாயாலேயே சொல்ல வைத்தார். திங்கட்கிழமை அக்கா அவருடைய பெஞ்சில் உட்கார்ந்தார். கடலூருக்கும் அவர்தான் போனார்; கனத்த தோட்டாவோடு போய் இரண்டாவதாக வந்தார். வந்த கோப்பையைக் கம்பெனியில் கேட்டார்கள், கொடுத்துவிட்டார். என் காக்கிக் கால்சட்டையைத் தீபாவளிக்குப் போட்டுக்கொண்டேன்.

பிறகு நான் எத்தனையோ இன்ஜினியர்களோடு வேலை செய்துவிட்டேன். தனக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு தெரியாத ஒன்றை அளந்து பார்க்கிற துணிச்சலை அவ்வளவு அமைதியாக வேறு எவரிடமும் கண்டதில்லை. சைக்கிளை வைத்து நான் செய்ததும் அதேதான் என்று சிலசமயம் எனக்கே வாதாடிக்கொள்வேன். வித்தியாசம், அவர் அளந்தார்.

போன மாதம் கருவேப்பிலங்குறிச்சியில் மகன் வீட்டில் அவரைப் போய்ப் பார்த்தேன். இருவருக்கும் இப்போது மெய்யாகவே கண்ணாடி. டீ கொடுத்தார், என் பேரப்பிள்ளைகளை விசாரித்தார். இத்தனை வருஷமாகக் கேட்காததை அன்று கேட்டுவிட்டேன். "பழசைச் சுட்டது நான்தான்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமாக்கா?" பழைய தோட்டாவின் நீளமான காலிக் குப்பிகள் ஐந்து நான் படுத்த இடத்தில் கிடந்ததை அவர் பார்த்திருந்தாராம். அப்படியென்றால், நான் வாயைத் திறக்காமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன்.

"தொறக்கற வரைக்கும் துணியப் பிரிச்சிக்கிட்டே நின்னிருப்பேன்."