வாய்க்கால் புல்லோடு வந்த நத்தை

சமாதான காலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அக்கராயனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விலங்கியல் படிப்பித்தேன். கணவர் குளத்துக்குக் கீழே வயல் செய்தார். எங்களிடம் ஒரேயொரு சிவலைப் பசு. வயிற்றில் தலைச்சன் கன்று. அந்த வெயில் காலத்தில் அது மெலிந்துகொண்டே போனது. தாடைக்குக் கீழே தண்ணீர்ப்பை தொங்குவதுபோல் ஒரு வீக்கம். கன்று தங்குமா, தாய் தங்குமா என்ற பயத்தில் எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

கவனிப்பில் குறையில்லை. ஊர் மாடுகள் காட்டோரத்தில் காய்ந்ததைக் கடித்துக்கொண்டு திரிய, இவர் மட்டும் விடியவே வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீரில் இறங்குவார். பச்சைப்புல்லை வெட்டி, சொட்டச் சொட்டச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். எனக்கு ஒருநாளாவது இப்படி எதையாவது கொண்டுவந்து தந்திருப்பாரா என்று நக்கலடிப்பேன்.

அந்தப் புல்லில் நத்தைகளும் ஒட்டிக்கொண்டு வரும். மெல்லிய மண்ணிற ஓடு, சுண்டுவிரல் நுனியளவு. வகுப்பில் வெட்டிக் காட்ட நத்தை தேவைப்பட்டபோது கொஞ்சத்தைப் பொறுக்கிப் போத்தலில் போட்டுக்கொண்டு போனேன்.

நுணுக்குக்காட்டியை யன்னலோரம் வெளிச்சத்தில் வைத்தோம். நன்றாக ஊர்ந்த பெரிய நத்தை ஒன்றை எடுத்து ஓட்டை உடைத்தேன். சுருளின் நுனியில், நத்தையின் ஈரல் என்று சொல்லத்தக்க கபில நிறச் சுரப்பி இருக்க வேண்டும். இல்லை. அந்த இடத்தில் வெளிறிப்போன, தொளதொளத்த ஏதோ ஒன்று கிடந்தது. அது அசைந்தது.

ஊசியால் தொட்டேன். பிய்ந்து, உள்ளேயிருந்து புழுக்கள் வழிந்தன. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். தடித்த புழுக்கள் சுரப்பியைத் தின்று, மிஞ்சியதை நசுக்கி ஓரத்துக்குத் தள்ளியிருந்தன. அவற்றின் உடலுக்குள் இன்னும் குஞ்சுகள், தவளையின் வாற்பேத்தைபோல் வாலாட்டிக்கொண்டு. முட்டை உண்டாகும் உறுப்பைத் தேடினேன். அடையாளமே இல்லை.

"ரீச்சர், இது செத்த நத்தையோ?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. இப்பதானே போத்தலுக்க ஊர்ந்தது."

சொன்னபிறகுதான் எனக்கே விளங்கியது. சாகவும் விடவில்லை. உள்ளே இருந்ததையெல்லாம் தின்றுவிட்டு, ஊர்ந்து திரிய மட்டும் விட்டுவைத்திருந்தன. என்ன அநியாயம்!

ஈரல் தட்டைப்புழு. வருடாவருடம் படம் கீறிப் படிப்பித்த பாடம்தான். அன்றும் வெண்கட்டியை எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். குஞ்சுகள் நத்தையைவிட்டு வெளியேறும். வாலை இழந்து, தண்ணீரில் நிற்கும் புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லைத் தின்னும் மாட்டின் ஈரலுக்கு... வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூட அதிபரிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். வீட்டில் இவர் பசுவின் முன் புல்லை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். பாய்ந்து இழுத்தெறிந்தேன்.

"இஞ்சாரும், என்ன விசரே உமக்கு? பச்சைப்பசேலெண்டு கிடக்கிற புல்லு!"

"உதிலதான் புழு இருக்கு. குடுக்காதேங்கோ!"

அவர் புல்லை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க? ஒண்டையும் காணேல்லையே." கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படிக் காட்டுவது? ஆத்திரத்தில் அழுதேன்.

அடுத்த நாள் மிருக வைத்தியர் வந்து பசுவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே கடதாசிபோல் வெளுத்திருந்தது.

"என்ன தீன் குடுக்கிறனீங்கள்?"

"வாய்க்கால் புல்லு ஐயா. தண்ணிக்குள்ள இறங்கி வெட்டுறனான்," என்றார் இவர், பெருமை குறையாமல்.

"அதாலதான் வந்தது. ஈரல் நல்லாப் பழுதாப்போச்சு." மருந்தைப் பருக்கிவிட்டு, "வயித்துக் கண்டுக்கு நான் ஒண்டும் சொல்லேலாது," என்றார்.

மருந்து பிந்திவிட்டது. ஒரு கிழமைக்குள் பசு படுத்தது. பிறகு எழும்பவேயில்லை. கன்று வயிற்றுக்குள்ளேயே போயிற்று.

இவர் அதன் பக்கத்தில் வெறும் நிலத்தில் இருந்தார். வேலிக்கு வெளியே அயல்வீட்டு மாடுகள், எலும்பு தெரிய, ஆனால் நடந்து போய்க்கொண்டிருந்தன. அவை போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, நான் என்ர கையால குடுத்துத்தானே?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.